மலையாளம் தெரிந்த நாய்க்கு ஒரு வீடு

ஆடி மாதத்தில் எங்கள் ஊரில் யாரும் வீடு மாற மாட்டார்கள். வீடு காலியாகக் கிடந்தாலும் பூட்டிப் போட்டு வைப்பார்களே தவிர, புதிதாக ஒருவர் வந்து பால் காய்ச்ச விடமாட்டார்கள். இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. அனுமந்தன்பட்டியில் பிறந்து, பிழைப்புக்காகப் போடிக்கு வந்து இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. ஐந்து வாடகை வீடுகளில் குடியிருந்தவன். ஆனாலும் வைகாசிக் கடைசியில் வீட்டுக்காரர் வந்து நின்று, "மகனுக்கு ஆவணியில கல்யாணம் வச்சிருக்கு. வீட்டைக் கொஞ்சம் சரிபண்ணி அவுகளைக் குடி வைக்கணும். ஆனிக்குள்ள நீங்க ஒரு எடம் பாத்துக்கிட்டீகன்னா நல்லாருக்கும்" என்று சொன்னபோது, அந்தக் கணக்கு மண்டையில் ஏறவில்லை. "அதுக்கென்னங்க, எங்களுக்கு ஒரு சின்ன வீடு கிடைக்காமலா போகும்?" என்று பெருந்தன்மையாகச் சொல்லி, காப்பி கொடுத்து அனுப்பிவைத்தேன்.

எங்களுக்கு என்று நான் சொன்னது எனக்கும் நாய்க்கும். அவர் என்ன நினைத்துக்கொண்டாரோ தெரியாது.

நான் ஏலக்காய் ஸ்டோரில் வேலை பார்க்கிறவன். மலையிலிருந்து மூட்டை மூட்டையாகக் காய் வந்து இறங்கும். இருபது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நிறம் பார்த்து, பருமன் பார்த்துப் பொறுக்கி ஒதுக்குவார்கள். அவர்களுக்கு மேலே சூப்பர்வைசர் என்ற பெயரில் நான் ஒருவன். இருபத்தெட்டு வருஷமாகத் தரம் பிரித்தே பழகிவிட்டதால் மனிதர்களையும் அப்படிப் பார்க்கும் கெட்ட புத்தி எனக்கு உண்டு. அந்த ஆனி மாதத்தில் ஊர் என்னைத் தரம் பிரித்தது. நான் கழிவுக் காயில் போய் விழுந்தேன்.

என் மனைவி பூப்பாறைப் பக்கத்தில் பிறந்தவள். எஸ்டேட்டில் தமிழும் மலையாளமும் கலந்து வளர்ந்தவள். கல்யாணமாகி மலையிறங்கி வந்த நாளிலிருந்து என்னிடம் தமிழில்தான் பேசினாள். அவளுடைய மலையாளத்தை எங்கே கொண்டுபோய் வைத்தாள் என்றுகூட நான் கேட்டதில்லை. ஏழு வருஷத்துக்கு முன்னால், ஏலக்காய் மூட்டைகளின் மேல் உட்கார்ந்து ஜீப்பில் ஒரு குட்டி வந்தது. செம்மண் நிறம், கறுத்த மூக்கு. டிரைவர், "எங்கன ஏறுச்சுன்னே தெரியலண்ணே" என்று சத்தியம் செய்தான். வீட்டுக்குக் கொண்டுபோனேன். என் மனைவி அதை மடியில் தூக்கிப் போட்டுக்கொண்டு, "எந்தா மோளே" என்றாள், என்ன மகளே என்று. அன்றைக்குத்தான் அவளுடைய மலையாளம் வெளியே வந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் இரண்டு மொழி. எனக்குத் தமிழ், நாய்க்கு மலையாளம். அடுப்படியில் நின்று மணிக்கணக்காக அதனிடம் பேசுவாள். என்னிடம் சொல்லாததையெல்லாம் அதனிடம் சொல்கிறாளோ என்று எனக்குச் சந்தேகமாக இருக்கும். உள்ளே போய் நின்றால் பேச்சு நிற்கும். "என்ன?" என்பேன். "ஒண்ணுமில்லீங்க" என்பாள், தமிழில். ஒரு நாயின் மேல் பொறாமைப்பட்டவன் நான். இதை எழுதுவதற்கு இப்போது வெட்கமில்லை.

மகனுக்குப் பெங்களூரில் வேலை. பேத்தி பிறந்தபோது மூன்று மாதத்துக்கென்று போனாள் மனைவி. மூன்று மாதம் ஆறு மாதமாகி, ஆறு மாதம் இரண்டரை வருஷமாகிவிட்டது. சண்டை இல்லை, சச்சரவு இல்லை. மருமகள் வேலைக்குப் போகிறாள், குழந்தையைப் பார்க்க ஆள் வேண்டும், அவ்வளவுதான். ஆரம்பத்தில் வீடியோ காலில் நாயைக் காட்டச் சொல்வாள். இவள் "மோளே" என்றதும் அது போனுக்குப் பின்னால் போய்ப் பார்க்கும், ஜன்னலுக்கு ஓடும், கட்டிலுக்கு அடியில் தேடும். நாலைந்து தடவைக்குப் பிறகு, "இனிமே அதைக் காட்டாதீங்க, என்னால முடியல" என்று அழுதுவிட்டாள். அதிலிருந்து நான் ஸ்டோரிலிருந்தே பேசிவிட்டு வீட்டுக்குப் போவேன்.

மகன் ஒவ்வொரு முறையும், "நீங்களும் வந்துருங்கப்பா" என்பான். இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். பதினோராவது மாடி. துண்டைக் காயப்போட இடம் கேட்டால் ஒரு மெஷினைக் காட்டினார்கள். அங்கே நாய்க்கு இடமில்லை; மருமகளுக்கு நாய் முடி பட்டாலே மூச்சு இழுக்கும், அது அவள் தப்பில்லை. "நாயை யார்கிட்டயாவது குடுத்துருங்கப்பா" என்றான் மகன். நாயை விட்டுவிட்டு எப்படி வருவது என்று நான் கேட்டேன். அது உண்மையில் பாதிதான். மீதிப் பாதியை யாரிடமும் சொன்னதில்லை. போடியில் ஒரு வீடும் அதற்குள் அந்த நாயும் இருக்கிறவரைக்கும், அவள் திரும்பி வர ஒரு காரணம் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஆனிக்குள் வீடு கிடைக்காவிட்டால் நாய் யாரிடமோ போகும், நான் பதினோராவது மாடிக்குப் போவேன், அத்தோடு அந்தக் காரணமும் போய்விடும். அதனால்தான் வீதி வீதியாக அலைந்தேன்.

வீட்டு புரோக்கர் எனக்குப் பழக்கமானவர்தான். மொபெட்டில் என்னை ஏற்றிக்கொண்டு ஆனிக் காற்றுக்கு எதிரே தலையைக் குனிந்தபடி ஓட்டுவார். அந்த மாதத்துக் காற்று கண்ணில் மண்ணைப் போடும், வேட்டியைத் தூக்கும், பேசினால் பேச்சையே அள்ளிக்கொண்டு போகும். முதல் வீட்டிலேயே நான் ஒரு தப்பு செய்தேன். வீட்டுக்கார அம்மாள், "குடும்பம்தானே?" என்று கேட்டதும், "வீட்டம்மா பெங்களூருக்குப் போயிருக்காக, வந்துருவாக" என்றேன். அந்தப் பொய் நன்றாக வேலை செய்தது. அதன்பிறகு எல்லா வீட்டிலும் அதையே சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது நிஜமாகிவிட்டது.

குடும்பம் என்ற கேள்வியைத் தாண்டினால் அடுத்தது, "நீங்க என்ன ஆளுக?" ஒரு வீட்டில் எரிச்சல் தாங்காமல், "ஏலக்காய் ஆளுக" என்றேன். புரோக்கர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். அதையும் தாண்டினால், கறி சமைப்பீர்களா, தண்ணீர் அதிகம் செலவழிப்பீர்களா, விருந்தாளிகள் வருவார்களா. இதையெல்லாம் தாண்டி, எல்லோரும் சிரித்த முகமாக இருக்கும் நேரத்தில் நான் நாயைப் பற்றிச் சொல்வேன்.

"ஏண்ணே, சாவிய வாங்கிட்டு அதைச் சொல்லக் கூடாதா?" என்று புரோக்கர் தலையில் அடித்துக்கொண்டார்.

"வாங்கிட்டுச் சொன்னா வெளிய போகச் சொல்லுவாக."

"சொல்லும்போது பாத்துக்கலாம்ணே. அதுக்குள்ள ஆடி வந்துரும். ஆடியில காலி பண்ணச் சொல்ல மாட்டாக."

மனிதர் மூளைக்காரர். ஆனால் எனக்கு அந்தச் சாமர்த்தியம் வராது. ஒரு பொய்க்கு மேல் இன்னொரு பொய்யைச் சுமக்க என்னால் முடியவில்லை.

வெள்ளிக்கிழமை பூஜை செய்கிற வீடு என்றார்கள். வாசலில் கோலத்தை மிதித்துவிடும் என்றார்கள். எதிர்வீட்டுக் குழந்தை பயப்படும் என்றார்கள். குரங்கணி ரோட்டில் ஒரு வீட்டில் அவர்களே ஒரு நாய் வளர்த்தார்கள். சரி, இங்கே பிரச்சினையில்லை என்று வாயைத் திறந்தேன். "எங்க நாய்க்கு வேத்து நாய் ஒத்துக்காதுங்க" என்று கதவைச் சாத்தினார்கள். தேனி ரோட்டில் புதிதாக வந்திருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தில் செக்ரட்டரி என்று ஒருவர் இருந்தார். ரூல்ஸ் அச்சடித்த தாளை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"இங்கன நாய்க்குத் தடையில்லைங்க. ரெண்டாவது மாடியில ரெண்டு பேர் வச்சிருக்காக. உங்களுது என்ன ரகம்?"

"எஸ்டேட் ரகம்."

"அப்படின்னா?"

"நாட்டு நாய்ங்க."

தாளைத் திரும்ப எடுத்து மடித்துக்கொண்டார். "பொமரேனியன், லாப்ரடார் இந்த மாதிரின்னா பரவால்ல. நாட்டு நாயின்னா மத்தவுக ஒரு மாதிரி நெனப்பாக." நாய்க்கும் என்ன ஆளுக என்று கேட்கிற கட்டடத்தில் இருக்க வேண்டாம் என்று இறங்கிவிட்டேன். கோபமாகத்தான் இறங்கினேன். கீழே வந்து மொபெட்டில் ஏறி உட்கார்ந்ததும் கோபம் வடிந்து, இன்றைக்கு ஆனி ஒன்பது என்ற நினைப்பு வந்தது.

வேடிக்கை என்னவென்றால், இல்லை என்று சொன்ன ஒருவர்கூட நாயை வெறுக்கிறவர் இல்லை. எல்லோரும் அக்கறையாக ஒரே யோசனையைச் சொன்னார்கள்: தோட்டத்தில் விடுங்கள். எங்கள் பக்கத்தில் யாரைப் பிடித்தாலும் அவருக்கோ அவருடைய மச்சினனுக்கோ ஒரு தோட்டம் இருக்கும். தென்னை, வாழை, திராட்சை, மா ஏதாவது ஒன்று. அங்கே ஒரு கிணறு, மோட்டார் ரூம், அதற்குக் காவலாக ஒரு நாய். நாய் என்றால் தோட்டத்தில் இருப்பது, வீடு என்றால் மனிதர் இருப்பது. இரண்டையும் ஒன்றாக்கப் பார்த்த என்னை எல்லோரும் பரிதாபமாகப் பார்த்தார்கள். "அங்கன விட்டா ராசா மாதிரி இருக்கும்ங்க. வீட்டுக்குள்ள போட்டு ஏன் வதைக்கிறீக?" என்று ஒரு பெரியவர் என்னையே குற்றவாளியாக்கிவிட்டார்.

ஆனி பதினைந்துக்கு மேல் எனக்குத் தைரியம் போய்விட்டது. முதலாளியின் தம்பிக்குப் பொட்டிப்புரத்தில் தென்னந்தோப்பு இருக்கிறது. "கொண்டுபோய் விடுங்க, காவக்காரன் பாத்துக்கிருவான். நீங்க ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போய்ப் பாத்துக்கலாம்" என்றார் முதலாளி. நல்ல மனதோடு சொன்னதுதான். ஒரு ஞாயிறு காலையில் புரோக்கரின் மொபெட்டை இரவல் வாங்கி, முன்பலகையில் நாயை உட்கார வைத்துக்கொண்டு போனேன். அது காற்றுக்கு மூக்கைக் காட்டிக்கொண்டு குஷியாக வந்தது. தோப்பில் காவல்காரரும் அவர் சம்சாரமும் இருந்தார்கள். நல்ல ஆட்கள். மோட்டார் ரூம் நிழலில் சங்கிலியில் கட்டினோம். நான் தண்ணீர் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சோறு வடித்தேன். பழக்கத்தில் இரண்டு பேருக்கு வடித்துவிட்டேன். அன்றைக்கு மத்தியானம் முழுக்க அந்த வீட்டில் சத்தம் என்று எதுவும் இல்லை. நாய் இருந்தபோதும் அது பெரிதாகச் சத்தம் போட்டதில்லை, ஆனால் தரையில் நகம் படுகிற சத்தம் ஒன்று இருக்கும். அது இல்லாமல் போனதும் வீட்டில் நான் மட்டும் இருப்பது காதுக்குக் கேட்டது. நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். ஐம்பத்தேழு வயதில் பட்டப்பகலில் வேட்டி முனையால் மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதேன்.

மறுநாள் மத்தியானம் ஸ்டோருக்குக் காவல்காரரிடமிருந்து போன் வந்தது.

"சார், உங்க நாய் நேத்திருந்து ஒரு வாய் திங்கல. கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குது. இதுக்குக் காது கேக்குமா, கேக்காதா?"

அரை நாள் லீவு சொல்லிவிட்டு, மறுபடி மொபெட்டை வாங்கிக்கொண்டு ஓடினேன். நாய் கட்டிய இடத்திலேயே, வண்டி போன பாதையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. தட்டில் சோறும் மீன் குழம்பும் அப்படியே இருந்தன. பாவம், அந்தம்மாள் மீன் வாங்கி வைத்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் எழுந்தது, குரைக்கவில்லை, வாலை மட்டும் ஆட்டியது. பக்கத்தில் உட்கார்ந்ததும் தட்டில் வாய் வைத்தது.

"காதெல்லாம் கேக்குங்க. அதுக்கு மலையாளம்தான் தெரியும். எங்க வீட்டம்மா அப்படிப் பழக்கிட்டாக. அவுக பெங்களூருக்குப் போயிருக்காக" என்றேன்.

காவல்காரர் சிரித்தார். "அடி ஆத்தா! அப்ப நீங்க அதுகிட்ட மலையாளத்துலயா பேசுவீக?"

"இல்ல. எனக்குப் புரியும், பேச வராது."

"அப்ப வீட்டம்மா போனதிலருந்து அதுகிட்ட யாரு பேசுறது?"

அவர் சும்மா கேட்டதுதான். இரண்டரை வருஷமாக அந்த நாய்க்குச் சோறு வைத்திருக்கிறேன், குளிப்பாட்டியிருக்கிறேன், ஊசி போட்டிருக்கிறேன். கையைக் காட்டுவேன், சொடக்குப் போடுவேன், அது புரிந்துகொள்ளும். பேசியதில்லை. அவளுடைய மொழியை என் வாயில் எடுக்க ஒரு கூச்சம். அவள் இல்லாமல் அதைப் பேசினால், அவள் இடத்தில் நான் நிற்பது போலாகிவிடும் என்று ஒரு பயமும்கூட. சங்கிலியைக் கழற்றி, நாயை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். இனி இதை எங்கேயும் விடுவதில்லை என்று வழியிலேயே முடிவு செய்தேன்.

வீடு கிடைத்தது ஆனி இருபதுக்கு மேல். மாவு மில்லுக்கு மேல் மாடி. காலையிலிருந்து சாயங்காலம் வரை கீழே மில் ஓடும், தரை அதிரும், ஜன்னல் கம்பியெல்லாம் மிளகாய்த்தூள் படிந்திருக்கும். அதனாலேயே ஒரு வருஷமாக யாரும் வரவில்லை. வீட்டுக்கார அம்மாள்தான் மில்லையும் நடத்துகிறார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். புருவத்திலும் முடியிலும் மாவோடு, இயந்திரத்தை நிறுத்தாமலே என்னிடம் கத்திப் பேசினார்.

"நாயா? இருந்துட்டுப் போகட்டும் தம்பி. மில்லு ஓடுறப்ப அது கொலைச்சா எனக்குக் கேக்கவா போகுது?"

மாடியைச் சுற்றிப் பார்த்தேன். ஒரு ஹால், இரண்டு ரூம், அடுப்படி. அடுப்படியில் மேற்குப் பார்த்து ஒரு ஜன்னல். அதன் வழியாகப் பார்த்தால் மலை தெரிந்தது. போடிமெட்டுக்கு ஏறுகிற ரோடுகூடக் கோடாகத் தெரிந்தது. நின்று சமைக்கிறவளுக்குத் தன் ஊர்ப் பக்கம் தெரியும் என்று நினைத்தேன். எனக்கு எதற்கு இரண்டு ரூம் என்று புரோக்கர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு பொய் வைத்திருந்தேன்.

கீழே வந்து சரி என்றதும் அந்த அம்மாள் இயந்திரத்தை நிறுத்தினார். "ஒண்ணு மட்டும். வீட்டம்மா வந்து பால் காய்ச்சணும். போன தடவை ஒரு தனியாள் பையன், பாலாவது ஒண்ணாவதுன்னு பெட்டியைத் தூக்கிட்டு ஏறிட்டான். ஒரே வருசத்துல ரெண்டு தடவை மோட்டார் எரிஞ்சு போச்சு. ஆனி கடைசி வெள்ளிக்கிழமை நல்ல நாளு. காலையில ஏழரைக்குள்ள காய்ச்சிருங்க. அதை விட்டா ஆவணிதான்."

"வந்துருவாக" என்றேன், வழக்கம்போல.

அன்றைக்கே மனைவிக்குப் போன் செய்தேன். வீட்டைப் பற்றிச் சொன்னேன், ஜன்னலைப் பற்றிச் சொன்னேன். பிறகு, "சரிங்க, வியாழக்கிழமை ராத்திரி பஸ் ஏறுறேன்" என்றாள். நான் போனை வைத்துவிட்டுப் பொறுக்குகிற பெண்களிடமெல்லாம் சொன்னேன். "அண்ணன் மொகத்துல கரண்டு வந்துருச்சுடி" என்று ஒருத்தி சொல்ல, இருபது பேரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. புதுப் பால் பாத்திரம் வாங்கினேன். கம்பத்தில் ஒரு கடையில் மட்டும் நல்ல குத்தரிசி கிடைக்கும். அவளுக்குப் பிடிக்கும் என்று பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தேன். நாயைத் தேய்த்துக் குளிப்பாட்டினேன். ஒரு காதல் கல்யாணத்துக்குத் தயாராகிற பையன்கூட அவ்வளவு ஆட்டம் ஆடியிருக்க மாட்டான்.

வியாழக்கிழமை மத்தியானம் அவளே கூப்பிட்டாள். பேத்திக்குக் காய்ச்சல், வர முடியாது என்றாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "காய்ச்சல்னா பாத்துக்கிற அவ அப்பன் ஆத்தா இல்லையா? ஒரு நாள்தானே கேட்டேன். ஒரே ஒரு நாள். ஒரு பாலைக் காய்ச்சிட்டுப் போறதுக்கு என்ன?" என்று கத்தினேன். ஸ்டோரில் பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நான் வெளியே போய் லாரிக்குப் பின்னால் நின்றேன்.

அவள் நிதானமாகப் பேசினாள். "காய்ச்சல் நேத்தே விட்ருச்சுங்க. பொய்தான் சொன்னேன். நான் வந்தா திரும்பிப் போகணும்ல. மொதத் தடவை கிளம்புனப்ப அது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓடி வந்துச்சு, உங்களுக்கு ஞாபகம் இருக்கா? இன்னொரு தடவை அதுகிட்ட என்னால சொல்லிட்டு வர முடியாது."

"திரும்பி ஏன் போகணும்?" என்று கேட்டுவிட்டேன். இரண்டரை வருஷமாகக் கேட்காத கேள்வி.

"இங்க எனக்குப் பழகிருச்சுங்க" என்றாள். "குழந்தை என்னைத் தேடுது. கீழ நாலு பேரோட வாக்கிங் போறேன். எனக்குன்னு ஒரு இது வந்துருச்சு. உங்களை வேண்டாம்னு சொல்லல. வாங்கன்னுதான் சொல்றேன். ஆனா நான் அங்க வந்து இருப்பேன்னு நெனச்சு நீங்க வீடு பாக்காதீங்க." போனை வைக்கும் முன், "அதைப் பாத்துக்கங்க" என்றாள். நாயை.

நாயிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டரை வருஷம் யோசித்திருக்கிறாள். என்னிடம் போனிலேயே சொல்லிவிட முடிந்தது. லாரிக்குப் பின்னால் நின்றுகொண்டு இதைத்தான் நினைத்தேன். அவள் மேல் கோபமாக இருந்தது. காய்ச்சலைத் தவிர அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை என்பதும் தெரிந்தது. அதனால் கோபத்தை எங்கே கொண்டுபோய் இறக்குவது என்று தெரியவில்லை. உள்ளே வந்து மீதிக் காயைப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் நானும் நாயும் மட்டும் போனோம். ஒரு கையில் பால் பாத்திரம், அதற்குள் பால் பாக்கெட், சர்க்கரைப் பொட்டலம். இன்னொரு கையில் சங்கிலி. அந்த அம்மாள் குளித்துத் தலையில் பூ வைத்து மில்வாசலில் நின்றிருந்தார். மாவில்லாமல் அவரை அடையாளமே தெரியவில்லை. எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"எங்க தம்பி, வீட்டம்மா?"

வாயில் தயாராக ஒரு பொய் இருந்தது. பஸ் லேட்டு என்று சொல்லியிருக்கலாம். "வரலங்க" என்றேன். "இனிமேயும் வர மாட்டாக. நான் தனியாத்தான் இருக்கேன். ரெண்டரை வருசமாத் தனியாத்தான் இருக்கேன்."

ஊரில் ஒருவரிடம் அதைச் சொன்னது அன்றைக்குத்தான் முதல் தடவை. இடம் இல்லை என்று சொல்லிவிடுவார், திரும்பிப் போகலாம் என்று பாத்திரத்தைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு பத்து. அப்புறம் குனிந்து நாயைப் பார்த்தார்.

"இது ஆணா, பொட்டையா?"

"பொட்டைங்க."

"அப்ப அதை மொதல்ல உள்ள விடுங்க. பொம்பளை இல்லாத வீட்டுல பால் காய்ச்சுனதா இருக்க வேணாம்" என்று சொல்லிவிட்டு, என் கையிலிருந்த பாத்திரத்தைப் பிடுங்கிக்கொண்டு அவரே படியேறினார். என் அடுப்பு மட்டும் முந்தின நாளே மேலே வந்து இறங்கியிருந்தது. பற்றவைக்கிற சத்தம் கேட்டது.

நான் மேலே போய்க் கதவருகில் சங்கிலியைக் கழற்றினேன். நாய் நிலைப்படிக்கு வெளியே நின்றுவிட்டது. கையைக் காட்டினேன். வரவில்லை. சொடக்குப் போட்டேன். வரவில்லை. "வா, வா" என்றேன். பொட்டிப்புரத்தில் சங்கிலியில் கட்டியது ஞாபகம் இருந்ததோ என்னவோ, புது இடம் என்றதும் காலை ஊன்றிக்கொண்டு நின்றது. உள்ளேயிருந்து, "பால் பொங்கப் போகுது தம்பி, சீக்கிரம்!" என்று குரல் வந்தது.

"வா மோளே" என்றேன்.

என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை. நாயின் இரண்டு காதும் நிமிர்ந்தன. என்னைப் பார்த்தது. எனக்குப் பின்னால் படியைப் பார்த்தது. பிறகு என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தது. ஹாலில் ஒரு சுற்று, முதல் ரூம், இரண்டாவது ரூம், பாத்ரூம் வரை போய் மோந்து பார்த்தது. அடுப்படிக்கு ஓடியது. அங்கே சேலை கட்டிய ஒருவர் முதுகைக் காட்டி நிற்பதைப் பார்த்ததும் வால் வேகமாக ஆடியது. பக்கத்தில் போய்ச் சேலையை மோந்தது. வால் நின்றது.

"பொங்கிருச்சு, பொங்கிருச்சு! கெழக்குப் பக்கமாத்தான் பொங்கிருக்கு, நல்லது" என்று அந்த அம்மாள் சந்தோஷமாகச் சொன்னார். பால் அடுப்பில் வழிந்து தீய்ந்த வாசனை வந்தது. கீழே யாரோ அரைக்க வந்தவர்கள் கூப்பிட, அவர் சர்க்கரையைக் கொட்டிவிட்டு இறங்கிப் போனார்.

நாய் மெதுவாக நடந்து வந்து என் எதிரே நின்றது. நான் தரையில் உட்கார்ந்தேன். கீழே மில் ஓட ஆரம்பித்தது, தரை அதிர்ந்தது. இரண்டரை வருஷமாக அதனிடம் ஒருவரும் சொல்லாததை நான்தான் சொல்லியாக வேண்டும்.

"அவள் வரில்லா மோளே" என்றேன். "ஞான் மாத்ரமே உள்ளூ."

உச்சரிப்பு ரொம்ப மோசம். அவள் வர மாட்டாள், நான் மட்டும்தான் இருக்கிறேன் என்பது அதற்குப் புரிந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, என் மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டாள்.